மாலை போட்டதும் வரும் நடுக்கம்

ஆசிரியருக்கு வணக்கம்.

கார்த்திகையில் மாலை போட்டுக்கொண்டு ஒரே நாளில் குடியை விடுகிறவர்கள் ஊருக்கு நாலு பேர் உண்டு. எப்போதாவது குடிப்பவருக்குப் பிரச்சினை இல்லை. பல வருடமாகத் தினமும் குடித்தவருக்கு அது ஆபத்து.

மூளையை அமைதிப்படுத்தும் ‘காபா’ என்ற வேதிப்பொருளின் வேலையை மது கூட்டுகிறது. அதை ஈடுகட்ட, மூளை தன்னைத் தூண்டும் குளூட்டமேட் என்ற இன்னொரு வேதிப்பொருளின் பக்கத்தைப் பலப்படுத்திக்கொள்கிறது. மது திடீரென நின்றால் தூண்டுதல் மட்டும் மிஞ்சும். ஆறேழு மணி நேரத்தில் கைநடுக்கம், வியர்வை, படபடப்பு. 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். சிலருக்கு 2 முதல் 4 நாளில் காய்ச்சலும் பிதற்றலும். சுவரில் இல்லாத பூச்சி ஊரும். உயிரே போகக்கூடிய கட்டம் இது. இதைக் காத்துக்கருப்பு என்று மந்திரிக்கக் கூட்டிப்போகிறவர்களை இன்றும் பார்க்கிறேன் (வைராக்கியம் போதவில்லை என்று திட்டுகிறவர்கள் தனி).

மருத்துவமனையில் டயஸிபாம் போன்ற மருந்தைக் கொடுத்துப் படிப்படியாகக் குறைப்பார்கள். தயமின் (வைட்டமின் பி1) ஊசியும் போடுவார்கள். தெருமுனை கிளினிக்கில் வெறும் குளுக்கோஸ் ஏற்றிக்கொள்வது இதற்கு ஈடாகாது.

போதை மீட்பு உதவி எண் 14446. டாஸ்மாக் கடை வாசலில் விலைப்பட்டியல் அளவுக்காவது இதைப் பெரிதாக எழுதி வைக்கலாமே?

– ஓய்வுபெற்ற செவிலியர், தஞ்சாவூர்