ஃபில்டரைக் கை எட்டுகிற இடத்தில் வையுங்கள்: என்ஜின் வடிவமைப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

வாகன நிறுவனங்களில் என்ஜின் வடிவமைக்கும் பொறியாளர்களுக்கு, வணக்கம்.

ஒட்டன்சத்திரத்தில் சின்னதாக ஒரு ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். மார்க்கெட்டுக்குக் காய்கறி ஏற்றி வரும் லோடு வண்டிகள்தான் எனக்குப் பெரும்பாலும் வேலை. போன வாரம் அப்படி வந்த ஒரு டீசல் வண்டிக்கு ஆயில் ஃபில்டர் மாற்றும்போது, என்னிடம் வேலை பழகும் பையனின் முன்கையில் சைலன்சர் பைப் சுட்டுத் தோல் உரிந்துவிட்டது. எந்த நிறுவனத்து வண்டி என்று எழுதப் போவதில்லை. உங்களில் பலருடைய வண்டியிலும் இதே கதைதான், அது உங்களுக்கும் தெரியும்.

ஆயில் சூடாக இருக்கும்போது இறக்கினால்தான் கசடும் சேர்ந்து இறங்கும். என்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு இறக்கும்படி உங்கள் சர்வீஸ் புத்தகமே சொல்கிறது. சரி. ஆனால் அந்த வண்டியில் ஃபில்டர் இருப்பது சூடேறிய சைலன்சர் பைப்புக்கும் சேஸிஸுக்கும் நடுவில். அடியில் மல்லாந்து படுத்து, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கையை நுழைத்துத் தடவித்தான் பிடிக்க வேண்டும். வெறும் கைக்கு அசையாது. ஃபில்டர் ரென்ச்சை மாட்டினால் திருப்ப இடமில்லை. கடைசியில் ஸ்க்ரூ டிரைவரை அடித்து இறக்கித் திருப்பினால் தகரம் கிழிகிறது. படுக்கை வசத்தில் மாட்டியிருப்பதால் லூசானதுமே ஆயில் கை வழியாக அக்குள் வரை இறங்குகிறது. மிச்சம் ஸ்டார்ட்டர் மோட்டார் மேலும் பைப் மேலும். பனியன் வேஸ்ட் வைத்து எவ்வளவு துடைத்தாலும் இண்டு இடுக்கில் நிற்பது பிறகு புகையும். வண்டிக்காரர் போன் போட்டுக் கேட்பது உங்களையா? “என்னண்ணே, ஃபில்டர் மாத்துனதுல இருந்து ஒரே புகையா வருது?”

புது ஃபில்டரை மாட்டும்போது ரப்பர் பட்ட பிறகு கையாலேயே முக்கால் சுற்று இறுக்க வேண்டுமாம். எந்தக் கையால் என்று புத்தகத்தில் போடவில்லை. பழைய ரப்பர் மேலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்க்கவும் வழியில்லை. அதைக் கவனிக்காமல் புதியதை மாட்டிவிட்டால் ஓடுகிற ஓட்டத்தில் மொத்த ஆயிலும் ரோட்டில் போய்விடும்.

ஆகவே கேட்கிறேன்: ஃபில்டரைக் கை எட்டுகிற இடத்தில் வையுங்கள்.

கை எட்டாத ஃபில்டரை யாரும் மாற்றுவதில்லை. இரண்டு லோடுக்கு நடுவில் வண்டியை விடுகிற டிரைவர், நேரமாகும் என்றதும், “இந்தத் தடவை ஆயிலை மட்டும் மாத்துங்கண்ணே” என்கிறார். பல கடைகளில் கேட்காமலேயே அப்படித்தான் நடக்கிறது. ஃபில்டர் அடைத்துக்கொண்டால் பைபாஸ் வால்வு திறந்து, வடிகட்டாத ஆயில் நேராக பேரிங்குக்குப் போகும் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த வால்வை வைத்தவர்களே நீங்கள்தான்.

டீசல் ஃபில்டரும் இப்படித்தான். அடியில் தேங்கும் தண்ணீரை அவ்வப்போது திறந்துவிட வேண்டும். அந்தத் திருகைத் தொடவே அடித்தட்டைக் கழற்ற வேண்டுமென்றால் யார் திறப்பார்கள்? டீசலை மிக அதிக அழுத்தத்தில் பீய்ச்சும் காமன் ரயில் என்ஜினில் அழுத்தம் 1,600 பார், அதற்கும் மேல். அதில் தண்ணீர் புகுந்தால் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் போயிற்று. ஒரு இன்ஜெக்டர் விலைக்கு எத்தனை ஃபில்டர் வாங்கலாம் என்பது உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். பழைய லாரிகளில் ஃபில்டர் பக்கவாட்டில் வெளியே தெரியும். கை பம்ப்பை நாலு அடி அடித்தால் ஏர் எடுத்துவிடலாம். இன்று சில வண்டிகளில் கை பம்ப்பே இல்லை.

இடமில்லை என்பீர்கள். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு புகையைச் சுத்தம் செய்யும் சாமான்கள் சேர்ந்து நெரிசல் கூடிவிட்டது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பானெட்டைத் திறந்ததும் உங்கள் பெயரைக் கொட்டை எழுத்தில் போட்ட பிளாஸ்டிக் மூடிக்கு மட்டும் எப்படியோ இடம் கிடைத்துவிடுகிறது. ஹெட்லைட் பல்பு மாற்ற பம்பரைக் கழற்ற வைக்கிறீர்கள். பெட்ரோல் கார்களில் ஃபில்டரை டேங்குக்குள்ளேயே பம்ப்போடு சேர்த்து வைத்துவிட்டு, மாற்றவே வேண்டாம் என்று எழுதிவிடுகிறீர்கள். பங்க் தொட்டியின் அடியில் கிடக்கும் கசடு உங்கள் புத்தகத்தைப் படிப்பதில்லை.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும். செய்ய முடியாததை நான் கேட்கவில்லை. ஜப்பானின் சுபாரு கார் நிறுவனம் தன் எஃப்பி வகை என்ஜின்களில் ஆயில் ஃபில்டரை மேலே வைத்து, சிந்தும் ஆயிலைப் பிடிக்கச் சுற்றிலும் ஒரு கிண்ணத்தையும் கொடுத்திருக்கிறது. ஐரோப்பியக் கார்கள் பலவற்றில் மேலிருந்தே மூடியைத் திறந்து உள்ளே இருக்கும் காகித ஃபில்டரை மட்டும் மாற்றலாம். மூடியைத் தளர்த்தினால் ஆயில் தானாக என்ஜினின் அடியில் உள்ள ஆயில் சேம்பருக்கு இறங்கிவிடும். மேலே வைக்க முடியாவிட்டால் சைலன்சர் பைப்பைவிட்டுத் தள்ளியாவது வையுங்கள். படுக்கையாகத்தான் வைக்க வேண்டுமென்றால் கீழே ஒரு தகரக் காடியாவது கொடுங்கள். மூடிகளுக்கு ஆளுக்கொரு அளவு வைக்காமல் எல்லோரும் ஒரே அளவுக்கு வாருங்கள். டீசல் ஃபில்டரில் தண்ணீர் திறக்கும் திருகு நின்றபடியே திருப்புகிற மாதிரி இருக்கட்டும்.

அடுத்த மாடலின் வரைபடத்தில் கையெழுத்துப் போடும் முன், சூடான என்ஜினில், ஜாக்கி போட்ட வண்டிக்கு அடியில் படுத்து, உங்களில் ஒருவர் அந்த ஃபில்டரை ஒரு முறை மாற்றிப் பாருங்கள். அப்புறம் தயவுசெய்து அதைக் கை எட்டுகிற இடத்தில் வையுங்கள்.

இப்படிக்கு,
ஒட்டன்சத்திரத்திலிருந்து ஒரு மெக்கானிக்