காரைக்குடி மருத்துவர் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, மூத்த மருத்துவர்களே, உறுப்பினர்களே, பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் மருத்துவ மாணவர்களே, வணக்கம்.

வழக்கமான காரியங்களை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். மாதக் கூட்டங்கள் நடந்தன. மருத்துவர் தினம், ரத்ததான முகாம், பள்ளிக்கூடக் கண் பரிசோதனை எல்லாம் நடந்தன. குடும்ப விழாவும் நடந்தது. அன்றைக்கு மட்டும்தான் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட இடம் போதவில்லை.

இனி, பலர் முணுமுணுத்த விஷயத்துக்கு வருகிறேன். நம் சங்கத்தின் அணு ஆயுத ஒழிப்புத் துணைக்குழு, அது மாணவர்களோடு வெளிநாட்டுத் தூதரகத்தைத் தேடிப் போனது. "ஊரில் டெங்கு இருக்கிறது, நாய்க்கடி இருக்கிறது, காரைக்குடி டாக்டருக்கு அணுகுண்டு எதுக்கு?" என்று வாட்ஸ்அப் குழுவில் கேட்ட அண்ணன்மார் இன்று மண்டபத்தில் இருக்கிறார்கள். அங்கே பதில் எழுதினால் சண்டையாகும் என்று இந்த மேடைக்காக வைத்திருந்தேன்.

அணுப்போரைத் தடுக்க மருத்துவர்களுக்கென்று ஓர் உலக அமைப்பு 1980-இல் தொடங்கியது. தொடங்கியவர்களில் முதன்மையானவர்கள் இரண்டு இதய மருத்துவர்கள்: அமெரிக்காவின் பெர்னார்ட் லௌன், சோவியத் நாட்டின் யெவ்கெனி சாசோவ். நம் ஐ.சி.யூ.வில் கை வைக்கிற டிஃபிபிரிலேட்டர், அதாவது இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுத்துத் துடிப்பைச் சீராக்கும் கருவி, இன்றைய நிலைக்கு வரக் காரணமான அதே லௌன்தான். இரண்டு அரசும் முகம் கொடுத்துப் பேசாத காலத்தில் இவர்கள் சொன்னது ஒன்றுதான்: குண்டு விழுந்த பிறகு மருத்துவத்தால் ஆகக்கூடியது எதுவும் இல்லை, வருமுன் காப்பது மட்டுமே வழி. 1985-இல் அந்த அமைப்புக்கு நோபல் அமைதிப் பரிசு கிடைத்தது.

பெரிய இடத்துச் சமாச்சாரம் என்பீர்கள். சரி, பக்கத்தில் பார்ப்போம். 2012 செப்டம்பரில் சிவகாசி பக்கம் முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்ததே, அப்போது மதுரையில் பணியில் இருந்தவர்கள் இங்கேயும் உண்டு. ஒரே ஓர் ஆலை. சாலை இருந்தது, கரண்ட் இருந்தது, டாக்டர்கள் உயிரோடு இருந்தார்கள். அப்படியும் தீக்காயம் பார்ப்பது என்ன பாடு என்று அவர்களைக் கேளுங்கள். ஹிரோஷிமாவில் டாக்டர்களிலும் நர்சுகளிலும் பத்துக்கு ஒன்பது பேர் செத்தார்கள் அல்லது காயம்பட்டார்கள். யாரை யார் பார்ப்பது?

தூதரகங்களை ஏன் தேடிப் போனோம் என்றால், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவது நாடுகள்தான். அணு ஆயுதத் தடை ஒப்பந்தம் 2017 ஜூலை 7-இல் 122 நாடுகளின் வாக்கோடு நிறைவேறி, 2021 ஜனவரியில் அமலுக்கு வந்தது. நம் முன்னோர் கொண்டுவிற்கப் போன ஊர்களையே எடுத்துக்கொள்ளுங்கள். மலேசியாவும் வியட்நாமும் சேர்ந்துவிட்டன. இலங்கை 2023-இல் சேர்ந்தது. பர்மா கையெழுத்துப் போட்டதோடு நிற்கிறது, இன்னும் உறுதிசெய்து சேரவில்லை. சிங்கப்பூர் அன்று வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொண்டது. இந்தியா பேச்சுவார்த்தைக்கே போகவில்லை. அணு ஆயுதம் வைத்திருக்கும் ஒன்பது நாடுகளில் ஒன்றுகூடச் சேரவில்லை.

சென்னையில் உள்ள துணைத் தூதரகங்களுக்கு எழுதினோம். சிலர் பதிலே போடவில்லை. ஒப்பந்தத்தில் சேராத ஒரு நாட்டார் நேரம் கொடுத்தார்கள். பெயர் வெளியே வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் சொல்லவில்லை. போகிறேன் என்று பெயர் கொடுத்தவர்களில் பாதிப்பேர் முந்தின இரவு "எமர்ஜென்சி" என்று போன் செய்தார்கள். ஒரே ராத்திரியில் காரைக்குடியில் இத்தனை எமர்ஜென்சியா என்று மாணவர்கள் கேட்டார்கள். நான் என்ன சொல்ல? வேன் வாடகை மட்டும் குறையவில்லை.

வாசல் ஸ்கேனரில் எங்கள் ஓலைக் கொட்டானை நிறுத்திவிட்டார்கள். உள்ளே நம் செட்டிநாட்டுப் பலகாரமான மனகோலம். காவலர் மூடியைத் திறந்து, ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, முகர்ந்து, மேலதிகாரியைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டுத்தான் விட்டார். உள்ளே வந்த அதிகாரி நல்ல மரியாதைக்காரர். காபி கொடுத்தார். "உங்கள் நாடே கையெழுத்திடவில்லையே, எங்களிடம் ஏன் வந்தீர்கள்?" என்றார். இதற்கு நான் நீளமாக ஒரு பதில் தயாரித்து வைத்திருந்தேன். அதற்குள் மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி, "டெல்லிக்கும் இதே கடிதம் போயிருக்கிறது சார். உங்கள் தலைநகரில் தீக்காயத் தீவிர சிகிச்சைக்கு எத்தனை படுக்கை இருக்கிறது?" என்று கேட்டுவிட்டாள். அதுவரை மேசையில் கிடந்த பேனாவை அவர் அப்போதுதான் எடுத்தார்.

பிறகு ஒரு கடிதம் வந்தது. படுக்கைக் கணக்கு அதில் இல்லை. நாங்கள் கொடுத்த குறிப்பைத் தலைநகருக்கு அனுப்பியிருப்பதாக இருந்தது. இதற்குத்தானா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று சிரித்தவர்கள் உண்டு. 2025 மே மாதம் பாகிஸ்தான் எல்லையில் குண்டுச் சத்தம் கேட்ட வாரத்தில், அந்தக் குறிப்பின் நகல் கிடைக்குமா என்று போன் செய்ததும் அவர்களில் சிலர்தான். அதே மாதம் ஜெனீவாவில், அணுப்போரால் உடல்நலத்துக்கு வரும் கேடுகளை மறுபடி ஆராயும்படி உலக சுகாதார நிறுவனத்தைக் கேட்கும் தீர்மானம் நிறைவேறியது. எதிர்த்து வாக்களித்த நாடுகளும் இருந்தன. ஆகவே நாம் செய்தது ஊருக்கு ஒவ்வாத காரியம் இல்லை.

வரவு செலவைப் பொருளாளர் விவரமாக வாசிப்பார். மொத்தத்தில் கையைக் கடிக்கவில்லை. இருப்பு போன ஆண்டைவிடக் கொஞ்சம் குறைவு. துணைக்குழுவுக்குச் சங்கப் பணம் போனது வேன் வாடகைக்கு மட்டும்தான், மற்றது கைக்காசு. சந்தாவைப் பற்றி, நினைவூட்டல் அனுப்பி அனுப்பி எனக்கே அலுத்துவிட்டது. சங்கப் பெயர்ப் பலகையைக் கிளினிக் வாசலில் மாட்டியிருப்பவர்கள்கூடப் பாக்கிதாரர் பட்டியலில் இருக்கிறார்கள். பெயர் வாசிக்க வேண்டாம் என்று தலைவர் சொல்லியிருக்கிறார்.

மண்டபம் கொடுத்தவர்களுக்கும், தலைவர், பொருளாளர், செயற்குழுவினருக்கும், விடுப்பு எடுத்து வந்த மாணவர்களுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு இலங்கை, மலேசியா தூதரகங்களுக்குப் போக எண்ணம். சேர்ந்த நாடுகள் சேராதவர்களிடம் எப்படிப் பேசுகின்றன என்று கேட்க வேண்டும். மூத்தவர்கள் நாலு பேர் கூட வந்தால் பேச்சுக்கு எடை கூடும்; மாணவர்களை மட்டும் அனுப்பிவைப்பது நமக்கு அழகில்லை. செயலாளர் பொறுப்பை வேறு யாராவது ஏற்றால் எனக்கு மனத்தாங்கல் கிடையாது, அலமாரிச் சாவி பையில் தயாராக இருக்கிறது. அப்புறம், பாக்கி வைத்திருப்பவர்கள் வாசலில் ரசீதுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கும் பொருளாளரைப் பார்த்துவிட்டுச் சாப்பாட்டுப் பந்திக்குப் போகலாம்.