காசு கொடுத்து வாங்கும் டின்னும் கிளினிக்கில் சும்மா கிடைக்கும் குளிசையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

சத்து மாத்திரைகளும் சத்து மாக்களும் உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று உங்கள் பத்திரிகையில் வாசகர்கள் எழுதி வருவதைத் தொடர்ந்து வாசிக்கிறேன். பாதிப் பேர் அற்புதம் என்கிறார்கள், மற்றவர்கள் முழுக்க ஏமாற்று என்கிறார்கள். எனக்கு இரண்டுமே சரியாகப் படவில்லை. எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

அம்மாவுக்குச் சீனி வருத்தம் (நீரிழிவு) வந்து கனகாலம். ஒழுங்காகக் கிளினிக்குக்குப் போய், சீனிக்குக் கொடுக்கிற மெற்போமின் குளிசை எடுத்து வருகிறவர். இடையில் பாதம் இரண்டும் விறைக்கத் தொடங்கியது. இரவில் ஊசி குத்துகிற மாதிரி இருக்கிறது என்று எழும்பியிருந்து காலைத் தேய்த்துக்கொண்டிருப்பார், ஒருநாள் ஒரு செருப்பு கழன்றதுகூடத் தெரியாமல் கிணற்றடி வரைக்கும் நடந்து போய்விட்டார். அந்த நேரம் பார்த்துச் சொந்தக்காரப் பிள்ளை ஒன்று பெரிய சத்து மா டின் ஒன்றோடு வந்தது. "மாமி, இதக் காலையிலயும் பின்னேரத்திலயும் கரைச்சுக் குடிங்க, மறுகா குளிசையெல்லாம் ஒவ்வொண்டா நிப்பாட்டலாம்" என்றது. அந்தப் பிள்ளையில் எனக்குக் கோபம் இல்லை, தனக்குச் சொல்லிக் கொடுத்ததை நம்பித்தான் சொன்னது. ஆனால் சீனி வருத்தக்காரர் ஒருவரிடம் குளிசையை நிப்பாட்டலாம் என்று சொல்லச் சொல்லிப் பழக்கி அனுப்புகிறவர்களை மன்னிக்க முடியாது.

அம்மா குளிசையையும் விடவில்லை, டின்னையும் விடவில்லை. விறைப்பும் விடவில்லை. கடைசியில் கிளினிக்கில் ஒரு டொக்டர், எவ்வளவு காலமாக மெற்போமின் குடிக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டு, விற்றமின் பி12 பார்க்க இரத்தம் எடுக்கச் சொன்னார். நன்றாகக் குறைந்து போயிருந்தது. மெற்போமினை நீண்டகாலம் எடுக்கிறவர்களுக்குச் சாப்பாட்டில் இருக்கிற பி12 உடம்பில் சேருவது குறையுமாம். மீன், முட்டை, பால் எல்லாம் சாப்பிடுகிறவருக்கு எப்படிக் குறைந்தது என்று நாங்கள் யோசித்ததற்கு அதுதான் பதில். ஈரல் பி12ஐ வருடக்கணக்கில் சேர்த்து வைத்திருப்பதால் குறைவு வெளியே தெரியவும் காலம் எடுக்கும். ஊசி போடத் தொடங்கிய பிறகு விறைப்பு மெல்ல மெல்லக் குறைந்தது, முழுக்கப் போகவில்லை, ஆனால் இப்போது இரவில் நித்திரை கொள்கிறார். அந்த ஊசியில் இருப்பதும் ஒரு விற்றமின்தானே. இல்லாததைத் தேடிப் பிடித்துக் கொடுத்தார்கள், அதனால் வேலை செய்தது. இன்னொன்றும் அந்த டொக்டர் சொன்னார்: பி12 குறைந்த ஒருவர் அது தெரியாமல் போலிக் அமிலம் (folic acid) என்ற விற்றமின் நிறையச் சேர்த்த சத்துகளைக் குடித்தால், பி12 குறைவால் வந்த இரத்தச் சோகை சரியாகிவிட்டது போலத் தெரியும், நரம்பு மட்டும் உள்ளுக்குள் கெட்டுக்கொண்டே போகும்.

அனுபவத்தில் கண்டது என்று பலர் எழுதுகிறார்கள், அதையும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். பிள்ளை பெற்று மூன்று நான்கு மாதத்தில் கொத்துக் கொத்தாக முடி கொட்டும், பெரும்பாலானவர்களுக்கு ஒரு வருடத்துக்குள் தானாகவே திரும்ப வளரும். அந்த இடைவெளியில் யார் எந்தக் குளிசையைக் கொடுத்தாலும் பெயர் அந்தக் குளிசைக்குத்தான் போகும். முடிக்கென்று விற்கிற குளிசைகளில் பயோட்டின் என்ற விற்றமின் கூடுதலாக இருந்தால் தைரொயிட் போன்ற இரத்தப் பரிசோதனைகள் பிழையாகக் காட்டலாம் என்று 2017இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமே எச்சரித்தது. ஆகவே இரத்தம் கொடுக்கப் போகிறவர்கள் என்னென்ன குடிக்கிறீர்கள் என்று தயவுசெய்து சொல்லிவிடுங்கள்.

குறைவு இல்லாதவர்கள் குடித்தால் என்ன ஆகும் என்பதும் பார்க்கப்பட்டிருக்கிறது. அமெரிக்காவில் 25,871 பேரை வைத்து விற்றமின் டியும் மீனெண்ணெய்ச் சத்தும் கொடுத்துச் சில வருடங்கள் பார்த்தார்கள், புற்றுநோய் வருவதோ மாரடைப்பு, பக்கவாதம் மொத்தமாக வருவதோ குறிப்பிடும்படி குறையவில்லை. பின்லாந்தில் சிகரெட் குடிக்கும் ஆண்களுக்கு, கரட்டில் இருக்கிற பீற்றா கரோட்டின் என்ற சத்தைக் குளிசையாகக் கொடுத்தார்கள், 1994இல் முடிவு வந்தபோது அதைக் குடித்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியிருந்தது. நல்லது செய்யாவிட்டாலும் கெடுதல் இல்லைதானே என்று சொல்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

எனக்கு உண்மையில் மனவருத்தம் வேறு ஒன்றில். கர்ப்பிணித் தாய்மாருக்குக் கிளினிக்கில் இரும்புச்சத்து, போலிக் அமிலம், விற்றமின் சி, கல்சியம் எல்லாம் சும்மா கொடுக்கிறார்கள், திரிபோஷா என்ற சத்து மாவும் உண்டு. இவைதான் சோதித்துப் பார்த்து நிரூபித்த சத்துகள். முதல் பிள்ளைக்கு முள்ளந்தண்டுக் குறைபாடு வந்த தாய்மாருக்குப் போலிக் அமிலம் கொடுத்தபோது அடுத்த பிள்ளைக்கு அது வருவது 72 சதவீதம் குறைந்தது என்று 1991இலேயே பிரித்தானிய ஆய்வு காட்டிவிட்டது. கரு தங்கி நான்கு கிழமைக்குள், முள்ளந்தண்டு உருவாகிற இடத்தில் உள்ள நரம்புக் குழாய் மூடிவிடுவதால், பிள்ளைக்கு ஆயத்தமாகிறபோதே குடிக்கத் தொடங்க வேண்டும். ஆனால் எங்கள் பக்கத்தில் எத்தனை வீட்டு அலுமாரியில் அந்த இரும்புக் குளிசை உடைக்காமலே கிடக்கிறது! பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒன்று ஏழு மாதக் கர்ப்பிணி, இலாச்சியைத் திறந்து காட்டுகிறது, கிளினிக்கில் கொடுத்த அட்டைகள் ரப்பர் வளையம் போட்டபடி அப்படியே இருக்கின்றன, மேசையில் ஆயிரக்கணக்கில் விலை கொடுத்து வாங்கிய சத்து மா. கேட்டால், குளிசை குடித்தால் வயிற்றைப் பிரட்டுது, மலம் கறுப்பாய்ப் போகுது, பயமாயிருக்கு என்கிறது. இரும்பு குடித்தால் மலம் கறுப்பதில் பயப்பட ஒன்றும் இல்லை, பிரட்டினால் மிட்வைபிடம் (குடும்பநல மருத்துவிச்சி) சொன்னால் எப்போது எப்படிக் குடிப்பது என்று மாற்றித் தருவார். தேத்தண்ணியோடு குடித்தால்தான் வீண், இரும்பு உடம்பில் சரியாகச் சேராது. கல்சியத்தையும் அதோடு சேர்க்காமல் வேறு நேரத்தில் குடிக்க வேண்டும். இதை யாராவது அந்தப் பிள்ளைக்குப் பக்கத்தில் இருந்து ஆறுதலாகச் சொல்லியிருந்தால் அந்த அட்டைகள் இவ்வளவு நாளும் கிடந்திருக்காது. டின் விற்கிறவர் வீட்டுக்குள் வந்து இருந்து, தேத்தண்ணி குடித்து, குடும்பக் கதை பேசி விற்கிறார். மிட்வைபுக்கு அவ்வளவு நேரம் எங்கே இருக்கிறது? அவரின் பிரிவில் எத்தனை வீடு!

அதனால் உங்களிடம் ஒரு கோரிக்கை. சத்து டின் விளம்பரங்கள் வருகிற அதே அளவு இடத்தில், மட்டக்களப்பு அம்பாறைப் பக்கத்து வைத்தியர் ஒருவரையோ மிட்வைப் ஒருவரையோ கொண்டு கிளினிக் குளிசைகளைக் குடிக்கிற முறையைக் கிழமைக்கு ஒருமுறை எழுதுவியுங்கள். அதில் முதல் கேள்வியாக என்னுடையதைப் போடுங்கள்: பல வருடமாக மெற்போமின் எடுக்கிறவர்கள் பி12 பரிசோதனையை எந்த ஆஸ்பத்திரியில் செய்துகொள்ளலாம், யாரிடம் கேட்க வேண்டும்?

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
களுவாஞ்சிகுடி