தாயக்கட்டையை வகுப்புக்குள் விடுங்கள்

வட சென்னை அரசு, மாநகராட்சிப் பள்ளிகளின் கணக்கு ஆசிரியர்களுக்கும் தலைமை ஆசிரியர்களுக்கும்,

வணக்கம். காசிமேட்டில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் மாலை நேரத்தில் ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித் தருகிறேன். 52 சீட்டில் ராஜா வர வாய்ப்பு 4/52 என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்றால் முழிப்பார்கள். அவர்களில் பாதிப் பேர் சீட்டுக்கட்டைக் கையில் தொட்டதே இல்லை.

போன மாதம் ஒரு பெண் பாட்டியின் பித்தளைத் தாயக்கட்டையைக் கொண்டுவந்தாள். இரண்டு கட்டை, ஒவ்வொன்றிலும் நான்கு பக்கம்: வெற்று, ஒன்று, இரண்டு, மூன்று. நாலு பேர், ஆளுக்கு 40 தடவை உருட்டினார்கள். சாக்பீஸால் தரையிலேயே கோடு போட்டு, ஐந்தைந்தாகக் கட்டினார்கள். மூன்று 43 தடவை, தாயம் (அதாவது ஒன்று) 17, பன்னிரண்டு 8.

"ஏன் மிஸ், மூணு மட்டும் இவ்ளோ விழுது?"

இந்தக் கேள்வி வரட்டும் என்றுதான் வாயைத் திறக்காமல் இருந்தேன். விழக்கூடிய 16 வழிகளையும் அவர்களே எழுதினார்கள். மூன்றுக்கு நான்கு வழி, தாயத்துக்கு இரண்டு, பன்னிரண்டுக்கு இரண்டு கட்டையும் வெற்றாக விழும் ஒரே வழி. அப்படியானால் 160-இல் 40, 20, 10 வரவேண்டுமே என்று ஒருவன் சண்டைக்கு வந்தான். அச்சாக அப்படியே வராது, உருட்ட உருட்ட விகிதம் நெருங்கும் என்றேன். நம்பவில்லை. மறுநாள் அவனாகவே வீட்டில் 200 தடவை உருட்டி நோட்டில் எழுதிக்கொண்டு வந்தான்.

அப்புறம் ஒரு பக்கம் தேய்த்த புளியங்கொட்டை. வெள்ளை விழ வாய்ப்பு பாதிதான் என்று அதில் யாரும் அடித்துச் சொல்ல முடியாது, போட்டு எண்ணித்தான் பார்க்கவேண்டும். பட்டறி நிகழ்தகவு என்று புத்தகம் சொல்வது இதைத்தான்.

புள்ளியியலுக்கு எண்ணூர் நெடுஞ்சாலையே போதும். ஏழு நாள், தினமும் பத்து நிமிடம், கண்டெய்னர் லாரிகளை எண்ணினோம்: 31, 34, 29, 33, 4, 30, 32. அந்த 4, வண்டிகள் நகராமல் நின்ற நாள். சராசரி 27.6-க்கு இறங்கிவிட்டது, இடைநிலை, அதாவது வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண், 31-லேயே நின்றது. எதற்கு இரண்டு அளவு என்று அதன்பிறகு யாரும் என்னைக் கேட்கவில்லை.

சரி, இந்த மடல் எதற்கு என்றால், அந்தத் தாயக்கட்டையை அவள் பள்ளிக்கு எடுத்துப்போனபோது சூதாட்டம் என்று பிடுங்கி வைத்துவிட்டார்கள். அழுதுகொண்டே வந்தாள். தமிழ்நாட்டில் லாட்டரிக்கு 2003-இல் தடை வந்தது. இன்று அதே ஆசை சூதாட்ட ஆப்பாகச் செல்போனுக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. "மூணு தடவ விழல, அடுத்தது கண்டிப்பா தாயம்தான்" என்று அடம்பிடித்த பையன், எண்ணிப் பார்த்துத்தான் வாயை மூடினான். மூன்று தடவை விழாததை அந்தக் கட்டை ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை என்று அவனே தம்பிக்குச் சொல்லிக்கொடுத்தான்.

நிகழ்தகவுப் பாடத்தைத் தொடங்கும் முன் இரண்டே பீரியடு உருட்ட விடுங்கள். தலைமை ஆசிரியர்களே, அந்த வகுப்பில் சத்தம் வரும், தயவுசெய்து பொறுத்துக்கொள்ளுங்கள். அவளுடைய பாட்டியின் கட்டையையும் திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

அன்புடன்,
காசிமேட்டிலிருந்து ஒரு டியூஷன் டீச்சர்