சி8 கொர்வெட் வாங்க நினைக்கும் வாடிக்கையாளர்களுக்கு

அன்பான வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். ஏப்ரல் பிறந்தால் எங்கள் கராஜில் இரண்டு வேலைகள் சேர்ந்து வரும். ஒன்று, குளிர்கால டயர்களைக் கழற்றுவது. மற்றது, டயர் மாறும் நேரத்தில் தொலைபேசியில் ஒரு படத்தைக் காட்டி, "இது வாங்கலாமா?" என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்வது. சில ஆண்டுகளாக அந்தப் படத்தில் இருப்பது பெரும்பாலும் ஒரே கார்தான்: ஷெவர்லே கொர்வெட், எட்டாம் தலைமுறை, சுருக்கமாக சி8. மகன் கேட்டால் ஆசையோடு கேட்கிறார், அப்பா கேட்டால் கவலையோடு கேட்கிறார். பதில் நீளமானது. வரிசையில் நிற்பவர்களைக் காக்கவைத்துச் சொல்ல முடியாததால் எழுதி அனுப்புகிறோம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். வண்டி நல்ல வண்டி. ஆனால் மலிவு என்பது வாங்கும் விலையில் மட்டும்தான். வைத்திருக்கும் செலவு பெராரிக்காரர் கட்டும் அளவுக்குப் போகாது. நீங்கள் இப்போது ஓட்டும் கொரோலாவின் கணக்கிலும் அடங்காது.

2019 யூலையில் அறிமுகப்படுத்திய இந்தக் காரின் தொடக்க விலை 59,995 அமெரிக்க டொலர். அந்த நாளில் போர்ஷே 911-இன் அடிப்படை மாதிரியே ஒரு இலட்சத்தை ஒட்டி நின்றது. பெராரி எஃப்8 திரிபூட்டோ இரண்டரை இலட்சத்துக்கு மேல். நின்ற இடத்திலிருந்து மணிக்கு 60 மைல், அதாவது 97 கிலோமீற்றர் வேகத்தைத் தொட, இசட்51 என்ற மேலதிக வசதிப் பொதியுடன் வரும் கொர்வெட்டுக்கு 2.9 செக்கன் போதும். எஃப்8 எடுக்கும் நேரமும் ஏறத்தாழ அதுவே. நேர்ப் பாதையில் கடைசிவரை மிதித்தால் பெராரி முந்திவிடும், 720 குதிரைவலுவுக்கு 495 ஈடாகாது. ஆனால் மக்களின் வாயைப் பிளக்கவைத்தது அந்த முதல் மூன்று செக்கன்தான். அதன் பிறகு கொர்வெட்டின் விலை ஏறி, அமெரிக்காவிலேயே எழுபதாயிரத்தை எட்டிவிட்டது. இங்கே கனேடிய டொலரில் எழுதும்போது இன்னும் கனக்கும்.

இவ்வளவு குறைத்து எப்படி விற்கிறார்கள், எங்கே கைவைத்திருக்கிறார்கள் என்ற சந்தேகம் நம்மவர்களுக்கு இயல்பாகவே வரும். நியாயமான சந்தேகம். வண்டியை மேலே தூக்கிப் பார்த்தால் பாதி விடை கிடைக்கும். இதன் எஞ்சின் 6.2 லீற்றர் வி8. பெராரியில் இருப்பதுபோல நான்கு கேம்ஷாஃப்ட் (வால்வைத் திறந்து மூடவைக்கும் சுழல்தண்டு), சிலிண்டருக்கு நான்கு வால்வு என்றெல்லாம் இல்லை. நடுவே ஒரே ஒரு கேம்ஷாஃப்ட், அதிலிருந்து தண்டுகள் மேலே போய் சிலிண்டருக்கு இரண்டு வால்வை அசைக்கின்றன. 1955-இல் ஷெவர்லே கொண்டுவந்த சிறிய வி8-இன் வழியில் வந்த அமைப்பு இது. பழைய முறைதான், ஆனால் செய்வதற்குச் செலவு குறைவு, இடமும் குறைவாகப் பிடிக்கும், பழுதுபார்க்கிறவனுக்கும் பழகிய கை. இதே நிறுவனத்தின் பிக்கப் வண்டிகளிலும் 6.2 லீற்றர் வி8 ஓடுகிறது. அதைக் கேட்டவுடன் சிலர் 2025 ஏப்ரலில் வந்த மீளழைப்பை நினைத்துப் பயப்படுகிறார்கள். அந்த மீளழைப்பு 2021 முதல் 2024 வரையான பிக்கப், பெரிய எஸ்யூவி வண்டிகளின் எல்87 எஞ்சினுக்கு. கொர்வெட்டில் இருப்பது எல்டி2. அது அந்தப் பட்டியலில் இல்லை.

மிகுதி விடை எண்ணிக்கையில் இருக்கிறது. கென்டக்கி மாநிலத்தில் போலிங் கிரீன் என்ற ஊரில் 1981 முதல் கொர்வெட் செய்கிறார்கள். 2023 மாதிரியாண்டுக்கு மட்டும் அங்கிருந்து ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட கார்கள் வெளிவந்தன. அதே ஆண்டில் பெராரி எல்லா மாதிரிகளையும் சேர்த்து உலகம் முழுவதும் கொடுத்தது 13,663. ஒரு அச்சுக்குப் போட்ட காசை எத்தனை வண்டியில் பங்கிடலாம் என்பதில்தான் விலை நிற்கிறது. மலிவுக்காக இரும்பை மெல்லியதாக வெட்டவில்லை. இதில் நாங்கள் கண்ட கஞ்சத்தனம் என்றால், ஓட்டுநருக்கும் பக்கத்தில் இருப்பவருக்கும் நடுவே மதில் கட்டியதுபோல நீளமாக இறங்கும் அந்தப் பொத்தான் வரிசைதான். அது கஞ்சத்தனம்கூட இல்லை, யாரோ ஒருவரின் ரசனைக் குறைவு.

எஞ்சினை முன்னாலிருந்து தூக்கி இருக்கைக்குப் பின்னால் வைத்ததுதான் இந்தத் தலைமுறையின் பெரிய மாற்றம். கொர்வெட்டின் தந்தை என்று போற்றப்படும் பொறியியலாளர் சோரா ஆர்க்கஸ் டன்டொவ் 1960-களிலேயே இதற்காக மாதிரிக் கார்கள் செய்து காட்டினார். மேலிடம் இணங்கவில்லை. 1975-இல் ஓய்வுபெற்றார், 1996-இல் காலமானார், கார் 2019-இல் வந்தது. இரகசியம் காக்க, முதல் சோதனை வண்டிக்கு ஆஸ்திரேலியாவின் ஹோல்டன் பிக்கப் போன்ற உடலைப் போர்த்தி ஓட்டினார்கள் என்பது எங்களுக்கு மிகவும் பிடித்த கதை. எஞ்சினை மாற்றி வைத்ததால் என்ன பயன் என்பதற்கு ஒரே கணக்கு போதும். முந்தைய தலைமுறையின் உச்சமான இசட்ஆர்1-க்கு, முன்னால் எஞ்சினுடன், 755 குதிரைவலு. 60 மைலைத் தொட 2.85 செக்கன். சி8-இன் அடிப்படை மாதிரியான ஸ்டிங்ரே 495 குதிரைவலுவோடு 2.9. பாரம் பின் சக்கரத்தின் மேல் அழுந்துவதால் டயர் வீணாகச் சுழலாமல் வீதியைப் பிடித்துக்கொள்கிறது. பலத்தை வாங்குவதைவிடப் பிடிப்பை வாங்குவது மலிவு என்பதை அவர்கள் கண்டுகொண்டார்கள்.

இனி உங்கள் சட்டைப்பைக்கு வருவோம்.

பிடிப்பு டயரில் இருக்கிறது, செலவும் டயரில்தான் இருக்கிறது. முன்னால் 245/35, 19 அங்குலம். பின்னால் 305/30, 20 அங்குலம். முன்னும் பின்னும் அளவு வேறு என்பதால், மற்றக் கார்களுக்குச் செய்வதுபோல முன் டயரைப் பின்னுக்கு மாற்றி ஆயுளை நீட்ட முடியாது. பின் டயர்கள் முன்னவற்றுக்கு முன்பே தேயும். காற்றுப் போனாலும் கொஞ்ச தூரம் மெதுவாக ஓடக்கூடிய வகை அவை. மாற்றுச் சக்கரம் வண்டியில் இல்லை. மலிவான ஏதாவது டயர் போட்டுத் தாருங்கள் என்று கேட்டால் நாங்கள் போடமாட்டோம். கோபிக்க வேண்டாம்.

இசட்51 வாங்குகிறவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். அதோடு வருவது கோடைகால டயர். மறை 7 பாகை செல்சியசுக்குக் கீழே அந்த ரப்பர் இறுகிவிடும். அந்தக் குளிரில் ஓட்டுவது மட்டுமல்ல, கராஜுக்குள் ஓரடி உருட்டினாலும் வெடிப்பு விழலாம் என்று டயர் நிறுவனமே எச்சரிக்கிறது. எங்கள் ஸ்காபரோவில் நவம்பர் கடைசியிலேயே அப்படி ஒரு காலை வந்துவிடும். பந்தயப் பாதைக்குப் போகாதவருக்கு இசட்51 தேவையில்லை என்பது எங்கள் கருத்து. சாதாரண ஸ்டிங்ரேயுடன் வருவது எல்லாப் பருவத்துக்குமான டயர், வேகத்தில் இழப்பதும் சொற்பம். மிச்சப்படும் காசில் முன்பக்கத்தை உயர்த்தும் வசதியைப் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு பொத்தானை அழுத்தினால் மூன்று செக்கனுக்குள் வண்டியின் மூக்கு 40 மில்லிமீற்றர் மேலே வரும். ஆயிரம் இடங்கள்வரை நினைவில் வைத்து, அந்த இடத்துக்கு வரும்போது தானாகவே உயர்த்திக்கொள்ளும். உங்கள் வீட்டு வாசல் சரிவையும் ரிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோவில் வண்டித் தரிப்பிடத்தையும் முதலில் பதியலாம். கோவிலுக்கு இரண்டு பேர்தான் போகலாம், இருக்கை இரண்டுதான்.

பராமரிப்பில் மூன்று விடயங்கள். எஞ்சினுக்கு அதற்கென்று குறித்த 0டபிள்யூ-40 ஒயில் மட்டும்தான் விடவேண்டும். ஒயில் எஞ்சினின் அடியில் தேங்காமல் தனித் தொட்டியில் நிற்கும் அமைப்பு என்பதால், குளிர்ந்த எஞ்சினில் அளவு பார்த்தால் தவறாகக் காட்டும். காலையில் எழுந்து கோலை இழுத்துப் பார்த்து, ஒயில் குறைவு என்று ஊற்றிவிடாதீர்கள். ஓட்டிச் சூடேற்றி நிறுத்திய பிறகு பாருங்கள். அடுத்தது கியர்ப்பெட்டி. இதில் கையால் மாற்றும் கியர் கிடையாது. இரட்டைக் கிளட்ச், எட்டு கியர். அதன் வடிகட்டியை முதல் 12,000 கிலோமீற்றரில் மாற்றவேண்டும் என்று அட்டவணையில் இருந்தது. பழைய வண்டி வாங்கினால் அந்தப் பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். எஞ்சின், கியர்ப்பெட்டி உத்தரவாதம் ஐந்தாண்டு. 2020-இல் வந்தவற்றுக்கு அது முடிந்துவிட்டது. கியர்ப்பெட்டியைத் திறந்து செய்யும் வேலையை நாங்கள் எடுப்பதில்லை. அதற்கான கருவி முகவர் நிலையத்தில்தான் இருக்கிறது.

மூன்றாவது, தூக்குவது. இந்தக் காரின் அடியில் நான்கு இடங்களில் துளை இருக்கிறது. அந்தத் துளைகளில் வட்டக் கட்டைகளைப் பொருத்தி, கட்டையின் மேல்தான் பாரம் ஏறவேண்டும். லிஃப்டின் கையை நேராகக் கொடுத்துத் தூக்கினால் ஓரத்துப் பட்டை நசுங்கும். வாங்குவதற்கு முன் குனிந்து அந்தத் துளைகளைச் சுற்றிக் கையால் தடவிப் பாருங்கள். கீறலும் நசுக்கலும் இருந்தால், முன்பு பார்த்தவர் பழக்கமில்லாதவர் என்று அர்த்தம். வேறு எங்கெல்லாம் அப்படிக் கைவைத்தாரோ.

காப்புறுதியை வண்டி பார்த்த அன்றே விசாரியுங்கள். முற்பணம் கட்டிவிட்டு முகவரை அழைத்த பிள்ளைகளின் முகத்தை நாங்கள் பார்த்திருக்கிறோம். குளிர்காலத்தில் ஓட்டாமல் நிறுத்தும் மாதங்களுக்குக் கட்டணத்தைக் குறைக்கவும் வழி இருக்கிறது. அதையும் அதே அழைப்பில் கேளுங்கள். புது வண்டி எடுப்பவர்கள் வசதிகளைச் சேர்த்துக்கொண்டே போய் விலை ஒரு இலட்சம் டொலரைத் தாண்டினால், 2022 செப்டெம்பரிலிருந்து நடைமுறையில் உள்ள ஆடம்பர வரி சேரும். மொத்த விலையில் பத்து வீதம், அல்லது இலட்சத்துக்கு மேலுள்ள தொகையில் இருபது வீதம், இரண்டில் எது குறைவோ அது. அதற்கும் மேல் ஒன்ராறியோவின் 13 வீத விற்பனை வரி.

பெற்றோருக்குத் தனியாக ஒரு பந்தி. ஒன்ராறியோவில் 80-க்குக் குறைந்த எல்லையுள்ள வீதியில் எல்லையைவிட 40 கிலோமீற்றர் கூடுதலாக ஓடினாலே அபாயகர சாகச ஓட்டம் என்ற குற்றம். அந்த இடத்திலேயே உரிமம் 30 நாள் போகும், வண்டி 14 நாள் போகும். 60 எல்லையுள்ள வீதியில் பச்சை விளக்கு விழுந்து சி8 நூறைத் தொட எடுக்கும் நேரம் ஏறத்தாழ மூன்று செக்கன். கொரோலாவில் அந்தக் குற்றம் செய்யக் கொஞ்சம் முயற்சி வேண்டும். இதில் தும்மினால் போதும். வேகம் பார்க்க ஆசைப்படும் பிள்ளையைத் தடுக்காதீர்கள், பௌமன்வில் பக்கத்துப் பந்தயப் பாதைக்கு அனுப்புங்கள். பழையவர்கள் மொஸ்போர்ட் என்று சொல்லும் அந்தப் பாதையில் கொர்வெட் பந்தய அணியே ஓடியிருக்கிறது. ஆனால் அங்கே நடக்கும் சேதத்துக்கு வழமையான காப்புறுதி பணம் தராது. போகும் முன் பிரேக் திரவத்தை மாற்றிக்கொண்டு போகவேண்டும். அதை நாங்கள் செய்து தருவோம்.

சி8-இன் உயர்ந்த மாதிரிகளான இசட்06, இ-ரே, 1,064 குதிரைவலு இசட்ஆர்1 பற்றியும் கேட்கிறார்கள். நல்ல வண்டிகள், ஆனால் விலையில் அவை வேறு உலகம். மலிவு என்ற பேச்சு ஸ்டிங்ரேயோடு முடிந்துவிடுகிறது.

பழைய ஸ்டிங்ரே பார்த்து வைத்திருப்பவர்கள் வாங்கும் முன் எங்களிடம் கொண்டுவந்து மேலே தூக்கிப் பார்க்கலாம். வட்டக் கட்டைகள் எங்களிடம் உண்டு. மே நடுப்பகுதிவரை சனிக்கிழமைகளில் டயர் நெரிசல். செவ்வாய் அல்லது புதன் காலையில், அழைத்துச் சொல்லிவிட்டு வாருங்கள். கராஜுக்குக் கொண்டுபோய்க் காட்ட விடமாட்டேன் என்று விற்பவர் சொன்னால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள், வேறு வண்டி வரும்.

அன்புடன்,
உங்கள் கராஜ், ஸ்காபரோ