வேலூருக்கு டிக்கெட் போடுவதற்கு முன்னால்

அன்புள்ள தம்பி சரவணனுக்கு,

"அக்கா, கவிதா மாசக்கணக்கா எழுந்திருக்க முடியாமக் கிடக்கா, இதுக்கு எந்த டாக்டர்?" என்று கேட்டாய். எனக்கும் அதே வியாதி என்பதால் ஒரு பேரும் போன் நம்பரும் கொடுத்துவிடுவேன் என்று நினைத்திருப்பாய். பேர் கிடையாது. இதயத்துக்கு, நரம்புக்கு, கிட்னிக்கு என்று மேற்படிப்பு இருக்கிற மாதிரி இதற்கென்று நம் மருத்துவக் கல்லூரிகளில் ஒரு படிப்பே இல்லை. அதனால் வேலூருக்கு டிக்கெட் போடுவதைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு இதைப் படி.

கவிதாவுக்கு டெங்கு வந்து போய் ஆறு மாதத்துக்கு மேல் ஆகிறது, இன்னும் எழுந்திருக்க முடியவில்லை, தூங்கி எழுந்தாலும் தூங்கின மாதிரியே இல்லை, ஒரு நாள் கொஞ்சம் வேலை செய்தால் மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ விழுந்துவிடுகிறாள் என்கிறாய். அந்த மறுநாள் விஷயம்தான் முக்கியம். 2015இல் அமெரிக்காவில் ஒரு நிபுணர் குழு எம்.இ./சி.எஃப்.எஸ். என்கிற இந்தத் தீராக் களைப்பு நோய்க்கு அடையாளம் வகுத்தபோது, ஆறு மாதத்துக்கு மேல் நீடிக்கிற முடியாமை, உழைப்புக்குப் பிறகு மோசமாவது, தூங்கியும் தெளியாதது, இவற்றோடு மூளை மந்தமாவதோ எழுந்து நின்றால் தாங்காததோ ஒன்று இருக்க வேண்டும் என்று எழுதினார்கள். இதைக் காட்டிக்கொடுக்கிற ரத்தப் பரிசோதனை இதுவரை இல்லை. கேட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இப்போது வேலூர் பயணத்தை யோசித்துப் பார். திருமங்கலத்திலிருந்து ராத்திரி முழுக்க பஸ், விடிந்ததும் லாட்ஜ், அப்புறம் பதிவு, டோக்கன், வரிசை, ரத்தம் எடுக்க ஒரு கட்டடம், ஸ்கேனுக்கு இன்னொரு கட்டடம். இதற்காகவே அவள் முந்தின வாரமெல்லாம் படுத்துக் கிடந்து தெம்பைச் சேர்த்து வைத்திருப்பாள். குளித்து, நல்ல சேலை கட்டி, பூ வைத்துக்கொண்டு உள்ளே போவாள். டாக்டர் நாடி, பிரஷர் பார்த்துவிட்டு "நல்லாத்தானே இருக்கீங்க" என்பார். அவர் சொல்வது பொய்யில்லை, அந்த நேரத்தில் நன்றாகத்தான் இருப்பாள். விழுவது ஊருக்குத் திரும்பி வந்த பிறகு, அவர் பார்க்கவே முடியாத இடத்தில். ரிப்போர்ட் நார்மல் என்ற காகிதம் ஒன்று கூடுதலாகச் சேர்ந்திருக்கும், அதைச் சித்தி எல்லாரிடமும் காட்டுவார்கள்.

அதனால் நீ தேட வேண்டியது பக்கத்தில், ஆட்டோவில் போய் வரக்கூடிய தூரத்தில், கூட்டம் குறைவாக இருக்கிற ஒரு ஜெனரல் மெடிசின் எம்.டி. பெரிய பேர் வேண்டாம். பத்து நிமிஷம் காது கொடுப்பாரா, அடுத்த முறை போகும்போது இவளை ஞாபகம் வைத்திருப்பாரா என்று பார். "இதைப் பத்தி எனக்கு அதிகம் தெரியாதும்மா, படிச்சுட்டுச் சொல்றேன்" என்று ஒருவர் சொன்னால் அவரை விட்டுவிடாதே. முதல் தடவையே ட்ரிப்ஸ் ஏற்றி, சத்து ஊசி போட்டு அனுப்புகிறவரிடம் இரண்டாவது தடவை போகாதே.

அவர் முதலில் செய்ய வேண்டியது வேறு வியாதி எதுவும் இல்லை என்று பார்த்து உறுதி செய்வது. தைராய்டு, ஹீமோகுளோபின், இரும்புச் சத்து இருப்பைக் காட்டுகிற ஃபெரிட்டின், பி12, சுகர், கிட்னி, லிவர், உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டுகிற ஈ.எஸ்.ஆர்., நம் ஊரில் மறக்கவே கூடாத டி.பி. மூட்டு வீக்கமோ தோலில் தடிப்போ இருந்தால் மட்டும் ருமட்டாலஜி, அதாவது மூட்டு வாத நோய்ப் பிரிவு. அதற்கும் வேலூர் வேண்டாம், மதுரை கோரிப்பாளையம் பக்கம் நம் பெரியாஸ்பத்திரியிலேயே பிரிவு இருக்கிறது. ஸ்பெஷலிஸ்ட்டிடம் போகும்போது "இது லூபஸா (உடம்பின் எதிர்ப்பு சக்தி உடம்பையே தாக்குகிற வியாதி) இல்லையா" என்கிற மாதிரி ஒரு குறிப்பான கேள்வியோடு போனால் பதில் கிடைக்கும். "உடம்பு முழுக்க முடியலை" என்று போனால் வைட்டமின் மாத்திரைதான்.

கொரோனா சமயத்தில் வாங்கின பல்ஸ் ஆக்சிமீட்டர் வீட்டில் எங்காவது கிடக்கும், தேடி எடு. அவளைப் பத்து நிமிஷம் படுக்க வைத்து நாடித்துடிப்பைக் குறி. அப்புறம் சுவரில் சாய்ந்து பத்து நிமிஷம் நிற்கச் சொல்லி நிமிஷத்துக்கு ஒரு தடவை குறி. நீ பக்கத்திலேயே நில், தலை சுற்றினால் உடனே உட்கார வை. படுத்திருந்தபோது இருந்ததைவிடத் துடிப்பு முப்பதுக்கு மேல் கூடி, இறங்காமலே நின்றால், எழுந்து நின்றாலே நாடி எகிறுகிற பாட்ஸ் என்கிற கோளாறாக இருக்கலாம், அதற்கு மருந்தும் வழியும் உண்டு. பாண்டி கோயிலில் அவள் மயங்கி விழுந்ததாகச் சொன்னாயே, எனக்கு உடனே தோன்றியது இதுதான். சாமி கும்பிடுவதை நான் ஒன்றும் சொல்லவில்லை, வெயிலில் வரிசையில் நிற்க வைத்ததைத்தான் சொல்கிறேன்.

தடி ஃபைலைத் தூக்கிக்கொண்டு போகாதே, அதை யாரும் புரட்டுவதில்லை. ஒரே ஒரு தாள். டெங்குவுக்கு முன்னால் ஒரு நாளில் என்னென்ன செய்தாள், இப்போது என்ன செய்கிறாள். "டயர்டா இருக்கு" என்று எழுதாதே, டாக்டரும்தான் டயர்டாக இருப்பார். "தலைக்குக் குளித்தால் மத்தியானம் வரை படுக்க வேண்டியிருக்கிறது, பரோட்டாக் கடைச் சத்தம் தாங்காமல் ஜன்னலை மூடிவிடுகிறாள், பையனின் ஹோம்வொர்க்கை இரண்டு தடவை படித்தாலும் புரியவில்லை" என்று எழுது.

யாராவது "தினமும் வாக்கிங் போங்க, ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் கூட்டுங்க" என்று சொன்னால் சட்டென்று தலையாட்டிவிடாதே. அப்படிப் படிப்படியாகக் கூட்டுகிற உடற்பயிற்சியை இந்த நோய்க்குக் கொடுக்க வேண்டாம் என்று பிரிட்டனில் டாக்டர்களுக்குச் சிகிச்சை வழிகாட்டி எழுதுகிற நைஸ் அமைப்பு 2021இல் தன் வழிகாட்டியையே மாற்றி எழுதியது. சுகருக்கு நல்லது என்பதால் எல்லாவற்றுக்கும் நல்லது என்று நம் டாக்டர்கள் சொல்லிப் பழகிவிட்டார்கள். அந்த வழிகாட்டி இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது, முக்கியமான பக்கத்தை மட்டும் பிரின்ட் எடுத்து மரியாதையாக நீட்டு. சில பேருக்குக் கோபம் வரும். வரட்டும், அதுவும் அந்த டாக்டரைப் பற்றி உனக்குத் தெரிய வேண்டியதுதானே.

அதற்குப் பிறகும் வெளியூர் டாக்டரைப் பார்க்கணும் என்றால் முதலில் வீடியோவில் பார்ப்பாரா என்று கேள். 2020 மார்ச்சிலேயே மத்திய அரசு தொலைமருத்துவத்துக்கு வழிகாட்டி போட்டுவிட்டது, கூச்சப்படாமல் கேட்கலாம். நேரில்தான் வரணும் என்றால் ரயிலில் படுக்கை போட்டு, ஒரு நாள் முன்னாலேயே போய், வீல்சேர் கேட்டு வாங்கு. நடக்க முடிகிறவளுக்கு எதற்கு வீல்சேர் என்று பார்க்கிறவர்கள் பார்க்கட்டும்.

"வேலைக்குக் கள்ளம்" என்று சித்தி சொல்வதை நீ திருத்தப் போய்ச் சண்டை வளர்க்காதே, என்னிடம் பேசச் சொல். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போன் பண்ணு, அதற்குள் அந்த நாடிக் கணக்கை எடுத்து எனக்கு வாட்ஸ்அப்பில் போட்டு விடு.

அன்புடன்,
அக்கா