85 ரூபாய்க்குச் சுருக்கிய சாதிச் சான்றிதழ்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கிரெடிட் கார்டு மோசடி பற்றி அடிக்கடி எழுதுகிறீர்கள். வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி ஓடிபி கேட்பது, லிங்க் அனுப்புவது எல்லாம் இப்போது எங்கள் தெருவில் பூ விற்கும் அக்காவுக்கே அத்துப்படி. நான் சொல்ல வந்தது அந்த ரகம் இல்லை. என் விஷயத்தில் யாரும் ஏமாற்றி எதையும் வாங்கவில்லை, ஓடிபி போட்டது நானேதான், அப்படியும் ஐந்து மாதம் பணம் போனது.

2025 மே மாதம், மகளுக்கு இன்ஜினியரிங் கலந்தாய்வு விண்ணப்பம். ஸ்கேன் செய்த சாதிச் சான்றிதழ் அளவு பெரிதாக இருக்கிறது என்று பதிவேறவே இல்லை. இரவு பதினொரு மணி, தெருமுனை பிரவுசிங் சென்டர் பூட்டியாகிவிட்டது, கூகுளில் முதலில் வந்த தளத்தில் பிடிஎஃப்பைப் போட்டேன். அது அழகாகச் சுருக்கியும் விட்டது, ஆனால் டவுன்லோடு பட்டனை அழுத்தினால் 0.99 டாலர் கேட்டது. சரி, 85 ரூபாய்தானே என்று கொடுத்தேன். ஏழு நாள் கழித்து மாதம் 29.95 டாலர் என்று அந்தப் பட்டனுக்குக் கீழே வெள்ளைத் திரையில் வெளிர் சாம்பல் எழுத்தில் இருக்கிறது, பிறகு மகள் விரல் வைத்துக் காட்டியபோதுதான் பார்த்தேன்.

தெரிந்தது ஆகஸ்ட் கடைசியில். கார்டு பில் சேமிப்புக் கணக்கிலிருந்து தானாகவே கழிந்துவிடும், மொத்தத் தொகையை மட்டும் பார்ப்பேன், அது என் தப்பு. அன்று ஏதோ தோன்றி வரி வரியாகப் படித்தால், அர்த்தமில்லாத நான்கு எழுத்தும் ஒரு வெளிநாட்டு ஃபோன் நம்பரும், 2,576 ரூபாய். அதன் கீழே வெளிநாட்டுப் பணத்துக்கான மார்க்கப், அதாவது வங்கி கூடுதலாக வைக்கும் கட்டணம், 90 ரூபாய், அந்த 90-க்கு ஜிஎஸ்டி 16 ரூபாய். மே, ஜூன், ஜூலை, ஆகஸ்ட் என்று நான்கு முறை.

வங்கிக்கு ஃபோன் செய்தேன். "ஓடிபி போட்டிருக்கீங்களே மேடம்" என்றார் அந்தத் தம்பி. மோசடி என்று புகார் கொடுத்தால் கார்டை முடக்கிப் புதுசு அனுப்புவார்களாம், ஆனால் அது பொய்ப் புகாராகிவிடும். இரண்டாவது தடவை எடுத்த பெண்தான் உருப்படியாகச் சொன்னார்: மோசடி வேறு, பிடித்த பணம் சரியில்லை என்று ஆட்சேபிக்கும் டிஸ்ப்யூட் வேறு, முதலில் அந்தத் தளத்தில் ரத்து செய்யுங்கள், ரத்தான மெயிலைப் பத்திரமாக வையுங்கள், அதற்கப்புறமும் எடுத்தால் எங்களிடம் வாருங்கள். ரத்து செய்ய இடம் தேடவே அரை மணி நேரம் ஆனது. ஏன் போகிறீர்கள் என்று கேட்டார்கள், பாதி விலைக்குத் தருகிறோம் என்றார்கள், கடைசியில் மெயில் வந்தது. செப்டம்பரில் மறுபடியும் எடுத்தார்கள்! அந்த மெயிலை இணைத்து டிஸ்ப்யூட் போட்டதில் மூன்று வாரத்தில் அந்த ஒரு மாதப் பணம் மட்டும் திரும்பியது. மார்க்கப்பும் அதன் ஜிஎஸ்டியும் திரும்பவில்லை. முதல் நான்கு மாதத்துக்கு "நீங்கள் சம்மதித்தது" என்பதுதான் பதில்.

விதி இல்லாமல் இல்லை. இப்படித் தானாகப் பிடிக்கும் பணத்துக்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பே தகவல் சொல்ல வேண்டும், வேண்டாமென்றால் நிறுத்த வழி தர வேண்டும் என்ற ரிசர்வ் வங்கியின் ஏற்பாடு 2021 அக்டோபரிலிருந்து முழுமையாக நடைமுறையில் இருக்கிறது. முதல் தடவை ஓடிபி கொடுத்துவிட்டால் போதும், அப்புறம் ஒவ்வொரு தடவையும் 15,000 ரூபாய் வரை ஓடிபி கேட்காமலே எடுக்கலாம் என்பதும் அதே ஏற்பாடுதான். எனக்கும் தகவல் வந்திருக்கிறது. தேடிப் பார்த்தேன், ஒரு லோன் விளம்பரத்துக்கும் நகைக்கடை ஆடித் தள்ளுபடிக்கும் நடுவே, ஆங்கிலத்தில், டாலர் கணக்கில், அதே நான்கு எழுத்துப் பெயரில் கிடந்தது. அதைத் தமிழில் அனுப்பினால் என்ன? மாத பில்லில் "இவையெல்லாம் தானாகப் பிடிக்கப்படுபவை" என்று தனியாக நான்கு வரி போட்டால் வங்கிக்கு என்ன நஷ்டம்?

இலவசமாகப் பார்க்கலாம் என்று கார்டு விவரம் வாங்குவதும், ரத்து செய்யும் இடத்தை ஒளித்து வைப்பதும் சந்தாப் பொறி என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரிலேயே வழிகாட்டுதல் போட்டுவிட்டது, இப்படி 13 தந்திரங்கள் அதில் இருக்கின்றன. பெயர் வைத்தாயிற்று, பிடிப்பது யார் என்றுதான் புரியவில்லை. வங்கியின் பதிலை ஏற்க முடியாமல் வங்கிகள் மீதான புகார்களை விசாரிக்கும் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனுக்கு ஆன்லைனில் எழுதியிருக்கிறேன், அதற்குக் கட்டணம் கிடையாது.

இதற்கிடையே நெட் பேங்கிங்கில் இந்தத் தானியங்கி அனுமதிகளின் பட்டியல் இருக்கும் பக்கத்தைக் கண்டுபிடித்தேன். பிடிஎஃப்காரர்களை அங்கேயே நீக்கினேன். அடியில் இன்னும் இரண்டு ஓடிக்கொண்டிருந்தன. ஒன்று மகள் எப்போதோ விட்டுவிட்ட ஆங்கிலப் பயிற்சி ஆப், நீக்கியாயிற்று. மற்றது என் மாமனார் என் கார்டில் போட்ட ஜாதக ஆப், மாதம் 199 ரூபாய். இந்த வருடம் எனக்கு விரயம் என்று அது ஒரு வார்த்தை சொல்லவில்லை, இருந்தும் பலன் சரியாகத்தான் சொல்கிறது, நிறுத்தக் கூடாது என்கிறார் மாமா.

— ஒரு வாசகி, பாளையங்கோட்டை